சைடிங்கில் ஹவுஸ்புல்

ரெனிதா மேடையேறி ஜோக் சொல்கிறவள் என்பது பட்டாபிராமில் அவள் கணவன் டேனியைத் தவிர வேறு யாருக்கும் வெகுநாள் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலமானால் தலையை வாரி, இருப்பதில் நல்ல குர்தாவாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு அவள் ஸ்டேஷனுக்கு விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்தவர்கள், ஏதோ கம்ப்யூட்டர் படிப்பு படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். மாமனார் ஜெயபாலும் அப்படித்தான் நினைத்தார். டேனி அவரிடம் பொய் சொல்லவில்லை. ‘கிளாஸ் மாதிரி ஒண்ணுப்பா’ என்று சொல்லி, மீதியை அவர் ஊகத்துக்கு விட்டுவிட்டான்.

வாரநாட்களில் அவளுக்கு அம்பத்தூரில் வேலை. அமெரிக்காவில் யாருக்கோ வயிற்றுவலி வந்தால், அந்த ஆஸ்பத்திரி பில்லைச் சரிபார்த்து அனுப்புகிற கம்பெனி. நாளெல்லாம் யார் யாருடைய நோவையோ பார்த்துக்கொண்டிருப்பதால்தானோ என்னவோ, சனிக்கிழமை யாரையாவது சிரிக்க வைக்காவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டும்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு காபிக் கடையின் மாடியில் வாராவாரம் அந்தக் கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்து ஐந்து நிமிஷம் பேசலாம். சிரிப்பு வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் அடுத்த வாரம். ரெனிதா ரயிலில் லேடீஸ் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே தன் ஐந்து நிமிஷத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவாள். ஒருமுறை பக்கத்திலிருந்த அம்மாள் அவள் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்து, தன் மகளுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னாள்.

மாடியில் கதை வேறு மாதிரி இருக்கும். மற்றவர்கள் பெங்களூரைப் பற்றியும், செல்போனில் ஜோடி தேடுவதைப் பற்றியும் பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். ரெனிதா, ‘நான் பட்டாபிராம்லேர்ந்து வர்றேன்’ என்று ஆரம்பிப்பாள். ஒரு முகமும் அசையாது. ஆவடி தெரியுமா என்று கேட்பாள். சரி, அம்பத்தூராவது தெரியுமா என்று கேட்பாள். அங்கிருந்து கைப்பிடித்து ஒவ்வொரு ஸ்டேஷனாக அவர்களைப் பட்டாபிராமுக்குக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்துவிடும்.

அந்த நிகழ்ச்சியை நடத்துகிற பிரசன்னா கோயம்புத்தூர்ப் பையன். மனசு நல்ல மனசு. ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னான்.

“உங்க ஜோக்கெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் கூடவே ஒரு மேப் குடுக்க வேண்டியிருக்குது.”

பொதுவாக எல்லாருக்கும் புரிகிறதாக, டிராபிக், கல்யாணம் என்று ஏதாவது பேசிப் பாருங்கள் என்றான். திட்டியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் வந்தால் ஆறியும் போயிருக்கும். அன்பாகச் சொன்னதுதான் முள்ளாக நின்றது.

அன்று பட்டாபிராமில் இறங்கும்வரை அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டேனி ஸ்டேஷன் வாசலில் பைக்கோடு நின்றான். எலெக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் மைக், ஸ்பீக்கரெல்லாம் அவன் பொறுப்பு. அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு வண்டியை எடுத்தான். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது அவன் தோளுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்:

“டேனி, மேப் தேவைப்படாத ஊர்ல போய்ப் பேசினா இன்னா?”

“அப்டி ஒரு ஊரு எங்க கீது?”

“இங்கதான். நாம நிக்கிறோமே, இதே இடம்.”

டேனி திரும்பிப் பார்த்தான். கேட் திறந்தும் வண்டியை எடுக்காமல் நின்றான். பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் நகர்ந்தான்.

ஊரில் வாரக்கடைசிக்கு என்ன இருக்கிறது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். கல்யாணம் இருக்கிறது, காதுகுத்து இருக்கிறது. இல்லாவிட்டால் மாலுக்குப் போய்க் குளிரில் சுற்றிவிட்டு வரலாம். நாடகமோ பாட்டோ சிரிப்போ வேண்டுமானால் ரயிலேறிச் சென்ட்ரல் பக்கம் போயாக வேண்டும். இத்தனை புது அடுக்குமாடிகள் வந்தும், மதுரையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இத்தனை குடும்பங்கள் வந்து குடியேறியும், சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் பால்கனியில் நின்று ஒருவர் துணி காய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடம் இருந்தது. அதன் பொறுப்பாளர் நாகப்பன், முகூர்த்தமில்லாத ஒரு சனிக்கிழமையைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, இன்னா பங்ஷன் என்று விசாரித்தார். ஸ்டாண்டப் காமெடி என்றாள் ரெனிதா. நின்றுகொண்டே பண்ணுவதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். உட்கார்ந்து பண்ணினால் கால் வலிக்காதே என்று உண்மையான அக்கறையோடு சொன்னார். கடைசியில் ‘சிரிப்பு நிகழ்ச்சி’ என்று பதிந்துகொண்டார்.

போஸ்டர் அடித்தார்கள். கையில் மைக்கோடு ரெனிதா வாய்விட்டுச் சிரிக்கிற படம். டேனி அதை டீக்கடை, செல்போன் கடை, பஸ் ஸ்டாப் என்று ஒட்டிவிட்டு வந்தான். டீக்கடைக்கு நாள் தவறாமல் போகிறவர்களில் ஜெயபாலும் ஒருவர் என்பதை அவன் எப்படி மறந்தான் என்று தெரியவில்லை.

ஜெயபால் ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டியில் மூத்தவர். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு, அளந்த பேச்சு. மருமகளின் பல்வரிசையைச் சுவரில் பார்த்துவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் சத்தம் போடவில்லை. மகனை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டார்.

“நம்ம வீட்டுப் பொண்ணு ஊர் நடுவுல நின்னு, குடும்பத்தை வெச்சுச் சிரிப்புக் காட்டுவாளா? ஞாயித்துக்கிழமை நான் எப்படித் தலைநிமிர்ந்து உக்காருவேன்?”

உள்ளே அடுப்படியில் நின்ற ரெனிதாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணும்போது, வழக்கமாகக் குடும்பத்தில் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஆசீர்வாதம் கேட்கிறவர், அவள் பேரைச் சொல்லாமல் தாண்டிப் போனார். கண்ணை மூடிக்கொண்டிருந்த ரெனிதா, இனியாவது தன் பேர் வருமா என்று ஆமென் வரைக்கும் காத்திருந்தாள். நிகழ்ச்சியை விட்டுவிடட்டுமா என்று அன்றிரவு டேனியைக் கேட்டாள். அவன் போஸ்டர் ஒட்டிய பசை இன்னும் காயவில்லை என்றான். அவ்வளவுதான் அவன் சொன்ன தைரியம். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

ஸ்பீக்கருக்குத்தான் சிக்கல். சபை ஸ்பீக்கரைச் சபைக் குடும்பங்களின் விசேஷத்துக்குக் கொடுப்பது வழக்கம். ஆனால் ஜெயபால் சரி சொல்ல வேண்டும். டேனி தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டான். அவர் மறுக்கவில்லை. எல்லாருக்கும் உண்டான உரிமை என் வீட்டுக்கு மட்டும் இல்லாமல் போகக்கூடாது என்றார். ஆனால் சபைப் பொருள் வெளியே போனால் சபை ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும், அதனால் தானே வந்து பக்கத்தில் உட்காரப்போவதாகவும், தான் வருவது ஸ்பீக்கருக்காக மட்டும்தான் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றும் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானமே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. யார் வரப்போகிறார்கள் என்று ரெனிதா மேடைக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் சாயங்காலம் அடுக்குமாடிக் குடும்பங்கள் குழந்தைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் தூக்கிக்கொண்டு வந்தன. லேடீஸ் பெட்டியில் வருகிறவர்கள் ஒரு கும்பலாக வந்தார்கள். சபைக்காரர்கள், ஜெயபால் வந்திருக்கிறாராமே என்று அதிசயம் பார்க்க வந்தார்கள். இந்துக் கல்லூரி ஸ்டேஷன் பக்கத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் மீன் விற்கிற அங்கம்மா அன்றைக்குச் சீக்கிரமே கடையைக் கட்டிவிட்டு, கஞ்சி போட்ட சேலையும் தலை நிறையப் பூவுமாக வந்து இரண்டாம் வரிசை நடுவில் உட்கார்ந்தாள். நாற்காலி தீர்ந்து, நாகப்பன் சாப்பாட்டு ஹாலிலிருந்து பெஞ்சுகளை இழுத்துவந்து போட்டார். அதுவும் தீர்ந்து ஜன்னல்களில் முகங்கள் முளைத்தன. மழை தூறத் தொடங்கியும் வெளியே நின்றவர்கள் நகரவில்லை.

ரெனிதா மேடையேறினாள். நுங்கம்பாக்கத்தில் பேசிப் பேசித் தேய்த்து வைத்திருந்ததை, பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாக, அப்படியே எடுத்து விட்டாள். ஹலோ பட்டாபிராம் என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. டிராபிக்கைப் பற்றிப் பேசினாள். ஜிம்மைப் பற்றிப் பேசினாள். மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. படபடப்பில் வாய் பழக்கப்பட்ட பாதைக்கே போய், ‘பட்டாபிராம் எங்க இருக்குன்னா, ஆவடியத் தாண்டி…’ என்று ஆரம்பித்தாள். முன்வரிசையிலிருந்த ஒருவர் மரியாதையாக, தெரியும்மா, என்றார்.

ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. யாரோ கொட்டாவி விட்டார்கள். முதுகில் வியர்வை வழிவதை ரெனிதாவால் உணர முடிந்தது. டேனி தலையைக் குனிந்துகொண்டு திருகத் தேவையில்லாத திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஜெயபால், ஸ்பீக்கர் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தரையைப் பார்க்கிற பார்வைதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து அங்கம்மா குரல் கொடுத்தாள்.

“இன்னாம்மே, எப்போ ஸ்டார்ட் பண்ணப்போற?”

“அக்கா, ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஆச்சு.”

“பண்ணிட்டியா? நான் மைக் டெஸ்டிங்னு நென்ச்சிகினு கீறேன்.”

கூடம் அதிர்ந்தது. அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு அத்தனையும் ஒரே நேரத்தில் அவிழ்ந்துகொண்டது. ஜன்னலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாகப்பன் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். அழுதுவிடுவோமோ என்றுதான் ரெனிதா நினைத்தாள். வந்தது அழுகையில்லை. அவளுக்கே சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்து சிரித்தாள். இரண்டு வருஷமாக ஊரைத் தெரியாதவர்களுக்கு ஊரை விளக்கி விளக்கி, ஊர்க்காரர்களிடம் பேசுவதை மறந்துபோயிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்றாள்.

“கரெக்ட்டுக்கா. இவ்ளோ நேரம் டெஸ்டிங்தான். இப்ப ஸ்டார்ட் பண்ணட்டா?”

“பண்ணு. பேசிகினே கீற.”

அதற்குப் பிறகு அவள் எதையும் யோசிக்கவில்லை. அங்கம்மாவிடமிருந்தே தொடங்கினாள். மீன் வாங்கப் போனால் அங்கம்மாக்கா என்ன மீன் வேண்டுமென்று கேட்கவே மாட்டாள், முகத்தைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு, ‘இன்னும் சம்பளம் வர்ல போலகீது, நெத்திலி எடுத்துக்கோ’ என்பாள், என் கம்பெனி மேனேஜருக்குக்கூட என் நிலைமை அவ்வளவு தெரியாது என்றாள். அங்கம்மா எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிடு போட்டாள்.

அடுக்குமாடிக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

“பிளாட் விக்கும்போது ஸ்விம்மிங் பூல் கீதுன்னு சொன்னாங்களா இல்லியா? எல்லாரும் தேடினீங்க. மழை வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அது கார் பார்க்கிங்ல கீதுன்னு. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாம்பா பில்டரு.”

மதுரைக்காரர் ஒருவர் சிரிப்புத் தாங்காமல் முன் நாற்காலியில் நெற்றியை முட்டிக்கொண்டார். வெளியே மழையும் சரியாக அப்போது வலுத்தது, அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

திருவள்ளூர் வண்டியில் தூங்கினால் திருவள்ளூருக்காவது போய்ச் சேரலாம், பெரிய பாதையை விட்டுப் பிரிந்து பட்டாபிராமோடு நின்றுவிடுகிற நம்ம சைடிங் வண்டியில் தூங்கினால் நம்மோடு சேர்ந்து வண்டியும் தூங்கிவிடும் என்றாள். வாடகைக் கார்க்காரர்கள் பட்டாபிராம் என்றதும் போனை வைத்துவிடுவதைச் சொன்னாள்.

“ஒருத்தரு மட்டும் நின்னு காரணம் சொன்னாரு. அங்க வந்தா ரிட்டர்ன் கிடைக்காது மேடம்னாரு. எனக்கே கிடைக்கலண்ணே, பெரம்பூர்லேர்ந்து கல்யாணம் பண்ணிகினு வந்தேன், இன்னும் ரிட்டர்ன் கிடைக்கலன்னேன்.”

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. ஆண்கள் தங்கள் மனைவிமாரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள். ரெனிதா ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் அடுத்த வார்த்தையை எட்டிப் பிடித்தது. எதையும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிரசன்னாவின் ஞாபகம் அன்றைக்கு முழுக்க அவளுக்கு ஒருமுறைகூட வரவில்லை.

முடிவில் சொல்வதற்கென்று அவள் வைத்திருந்தது மாமனாரின் ஜெபத்தைப் பற்றி. அந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள். சொல்லாமல் விட்டுவிடலாம். இத்தனை சிரித்தபிறகு யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஸ்பீக்கர் பக்கம் பார்த்தாள். ஜெயபால் தலைநிமிர்ந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் என்ன இருக்கிறதென்று அவளால் படிக்க முடியவில்லை. ஆனால் அதை மறைத்துக்கொண்டு போனால், அவரைப் பற்றித் தான் ஏதோ தப்பாக நினைத்தது போலாகிவிடும் என்று தோன்றியது. தப்பாக அவள் எதையும் நினைத்ததில்லை.

“எங்க மாமா சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவாரு. தங்கமான மனுஷன், யாரையும் விடமாட்டாரு. வீட்ல ஆரம்பிச்சு, தெரு, சபை, ஆவடி, தமிழ்நாடு, இந்தியா. ஐரோப்பாவத் தாண்டும்போது சட்னி ஆடை கட்டிடும். அமெரிக்கா வந்து சேர்றப்போ தோசை அப்பளமாயிடும். நானும் கண்ண மூடிகினு ஒரு ஜெபம் பண்ணுவேன். ஆண்டவரே, நாடுங்கள கொஞ்சம் கம்மியாப் படைச்சிருக்கக் கூடாதான்னு.”

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர்கள் சபைக்காரர்கள்தான். அந்த ஜெபத்துக்குப் பின்னால் ஆறிய சோறு சாப்பிட்டவர்கள் அவர்களில் பலர். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஜெயபால் எழுந்து நின்றார். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. அவர் டேனியிடம் கையை நீட்டினார். டேனி இன்னொரு மைக்கைக் கொடுத்தான். சட்டை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புப் படிக்கிற அதே நிதானக் குரலில் அவர் பேசினார்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் மருமக சொன்னது உண்மை. ஜெபம் நீளம்தான். ஆனா காரணத்தை அவ சொல்லல. அவ சுடற தோசை நடுவுல பச்சையா இருக்கும். அதைச் சாப்பிட விசுவாசம் வேணும். விசுவாசம் வர்றவரைக்கும் நான் ஜெபம் பண்றேன்.”

அப்போது எழுந்த சத்தத்தைக் கேட்டு, ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு என்ன ஏதென்று விசாரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அங்கம்மா பக்கத்திலிருந்தவள் தோளில் சாய்ந்துவிட்டாள். டேனி கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜெயபால் மைக்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் உதட்டை இறுக்கிப் பார்த்தார். முடியவில்லை. முதலில் தோள் குலுங்கியது. பிறகு பல் தெரியச் சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ரெனிதா அவர் பல்லைப் பார்த்ததேயில்லை.

தான் சொல்ல வேண்டிய கடைசி ஜோக்கை மாமா பறித்துக்கொண்டு போய்விட்டார், இனி தனக்கு இங்கே வேலையில்லை என்று சொல்லி ரெனிதா கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்போலிருக்கும், ஒரு மூலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். அவள் நடுவில் அப்படியே நின்றாள். அந்தச் சத்தம் காது வழியாக இல்லாமல் பாதத்தின் வழியாக ஏறுவது போல அவளுக்கிருந்தது.

மேடைக்குப் பின்னால் டேனி பன்னீர் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தபோது நாகப்பன் மூச்சிரைக்க வந்தார். வெளியே நனைந்துகொண்டு நிற்கிறவர்கள் போக மறுக்கிறார்களாம். இவ்வளவு நேரமாகச் சிரிப்பை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றோம், எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாமல் வீட்டுக்குப் போகமுடியாது என்கிறார்களாம். உள்ளே இருக்கிறவர்களும் எழுந்த பாடில்லை. அடுத்த விசேஷத்துக்குக் கூடம் காலையில்தான் வேண்டும், இன்னொரு ஆட்டம் போடுவதானால் போடலாம் என்றார்.

ரெனிதா பதில் சொல்லுமுன் அவருக்குப் பின்னாலிருந்து ஜெயபால் எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“பண்ணும்மா ரெனி. ஸ்பீக்கர் இங்கதான் இருக்கு, எங்கயும் போகப்போறதில்ல.” திரும்பி இரண்டடி வைத்தவர் நின்றார். “அந்தத் தோசை விஷயம் வர்றப்போ மட்டும் எனக்கு ஒரு சைகை காட்டு.”

ரெனிதா மிச்ச சோடாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெளியே வந்தாள். உள்ளே இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்து, நனைந்தவர்களுக்கு இடம்விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலியில் இருவர், மடியில் குழந்தைகள், நடைபாதையெல்லாம் சம்மணம். அங்கம்மா தன் இடத்தை விட்டு அசையவேயில்லை. பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்தவளிடம், இனி என்னென்ன வரப்போகிறது, எங்கெங்கே சிரிக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரெனிதா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

“அக்கா, எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா நான் இன்னா பண்றது?”

அவள் இன்னும் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. அதற்குள் கூடம் சிரிக்கத் தொடங்கிவிட்டது.